மலை வீட்டுக்குள் வெயில் வருதா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டப் போறீங்களா? இல்லை, வாடகைக்குப் பார்க்கிறீங்களா? தண்ணீர் வருதா, பஸ் ஸ்டாப் பக்கமா என்றெல்லாம் விசாரிப்பீங்க. கூடவே இன்னொன்றையும் விசாரிங்க: பாட்டி படுக்கிற அறைக்கு மார்கழியில் வெயில் வருமா?

'அதான் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே விதிப்படி இடம் விட்டிருக்கே!' என்கிறீர்களா? விதி, இடைவெளியை மீட்டரில் அளக்கிறது. நிழலோ நிலத்தின் சரிவையும் சேர்த்து அளக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு. டிசம்பர் கடைசியில் ஊட்டியில் நடுப்பகல் சூரியன்கூட தெற்கே சாய்ந்து, சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். உங்கள் வீட்டுக்குத் தெற்கே 7 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் அதன் நிழல் 5 மீட்டர் விழும். நிலம் 20 டிகிரி வடக்கே இறங்கினால், அதே நிழல் ஆறரை மீட்டருக்கு நீளும். தெற்கே இறங்கினால் 4 மீட்டரோடு சரி. கட்டடம் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். ஒரு வீட்டில் வெயில், இன்னொரு வீட்டில் இருட்டு!

மலைப்பகுதியில் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. அது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால், மேலே போக முடியாதே என்று சிலர் சரிவை வெட்டிக் கீழே ஒரு அறை சேர்த்துவிடுகிறார்கள். மண்சரிவு ஆபத்து ஒருபுறம். மூன்று பக்கமும் மண் அணைத்த அந்த அறையில் ஈரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் தூக்கமும் தடுமாறும்.

என்ன செய்யலாம்?

* மலையை ஒட்டிய பக்கம் ஸ்டோர் ரூம், குளியலறை. பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் படுக்கையறை.
* தடுப்புச் சுவரை வீட்டோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டி, வெள்ளையடித்துவிடுங்க.
* இருட்டறையின் கூரையில் ரெண்டு கண்ணாடி ஓடு போதும், பகலில் விளக்கே வேண்டாம்.
* ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் வைட்டமின் டி கிடைக்காது. அதைத் தரும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வாசலுக்கு வாங்க.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், கட்டிலில் தலை வைக்கப் போகிற இடத்தில் நின்று ஜன்னலைப் பாருங்க. துளி வானமாவது தெரியுதா? தெரியாவிட்டால், பாட்டிக்கு வேற அறை பாருங்க!