தலை சாய்க்க ஓர் அறை

பரீட்சை முடிவுகள் வெளிவரும் மாதத்தில் நம் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. பிள்ளையின் மார்க்குப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பனார்கள் வருவார்கள். எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கலாசாலை சிலாக்கியம் என்றெல்லாம் பேச்சு நடக்கும். எழுந்து போகும் சமயத்தில், வாசற்படியில் நின்று தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதுதான் முதலிலிருந்தே அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி: "ஸார், பையன் எங்கே தங்குவான்?"

இக்கேள்வி சர்வகலாசாலைகள் தோன்றிய நாள் தொட்டே இருந்து வருகிறது. அதற்கு மிகப் பழமையான விடைகளையும், சில விசித்திரமான விடைகளையும் கண்ட ஊர் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ். நம் ஸ்ரீநிவாச ராமானுஜன் சென்று தங்கிய ஊராகையால் நமக்கும் அது முற்றிலும் அந்நியமன்று.

1209-ம் வருஷத்தில் ஆக்ஸ்போர்டில் நடந்த கலகத்துக்கு அஞ்சி வெளியேறிய வித்துவான்களில் ஒரு சாரார் கேம்பிரிட்ஜில் வந்து குடியேறினர். அப்போது அங்கே கலாசாலைக் கட்டிடம் ஏது? மாணாக்கர் ஊராரிடமே அறைகளை வாடகைக்குப் பிடித்தனர். கிராக்கி கண்ட ஊரார் வாடகையை ஏற்றினர். முடிவில் 1231-ல் மூன்றாம் ஹென்றி மன்னர் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஆசிரியர் இருவரும் ஊர்ப் பெரியோர் இருவரும் கூடி வாடகையை மதிப்பிட வேண்டும் என்பது அது. அங்கே முதற் கலாசாலையாகிய பீட்டர்ஹவுஸ் தோன்றியதோ 1284-ல். ஆகவே, கலாசாலை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அறை வாடகைக்கு விதி பிறந்துவிட்டது!

நிற்க. அவ்வூரில் இன்றும் வழங்கும் ஒரு விதியைச் சொன்னால் நேயர்கள் வியப்பார்கள். பட்டப் படிப்பு மாணாக்கன், பருவ நாட்களில் முக்கால் பங்கு, கிரேட் ஸென்ட் மேரி என்னும் மாதா கோயிலிலிருந்து மூன்று மைலுக்குள் வசித்திருக்க வேண்டும். ஆராய்ச்சி மாணாக்கருக்குப் பத்து மைல். பரீட்சையில் தேறுவது மட்டும் போதாது. குறித்த எல்லைக்குள் உறங்கி எழுந்திருக்கவும் வேண்டும். ஒருவரோடொருவர் கூடி வாழ்வதே கல்வியின் பாதி என்னும் கொள்கை இதில் இருக்கிறது. கொள்கை நல்லதே. ஆனால், மூன்று மைல் வட்டத்துக்குள் இரு என்று ஒருவனிடம் சொல்பவர்கள், அவ்வட்டத்துக்குள் அவனுக்கு ஓர் அறையும் காட்ட வேண்டும் அல்லவா?

யாருக்கு அறை என்பதில் நெடுங்காலம் நடந்த அநியாயங்களும் உண்டு. 'பெல்லோ' எனப்படும் கலாசாலை அங்கத்தினர் பொதுவாகப் பிரம்மசாரியாகவே இருக்க வேண்டும். விவாகம் செய்துகொண்டால் பதவியும் போயிற்று, அறையும் போயிற்று. 1882-ல் ஏற்பட்ட சட்டங்களே இக்கட்டை நீக்கின. பெண்களுக்கோ தங்க இடமே கிடையாது. 1871-ல் ஹென்றி ஸிட்ஜ்விக் என்னும் பேராசிரியர், பிரசங்கங்களைக் கேட்க விரும்பிய ஐந்து பெண்களுக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அந்த வாடகை வீடே பின்னர் நியூன்ஹாம் கலாசாலையாக வளர்ந்தது. அப்படியிருந்தும் அந்தச் சர்வகலாசாலை பெண்களுக்கு முழுப் பட்டம் அளித்தது 1948-ல்தான். படுக்க இடம் கிடைத்து, பட்டம் கிடைக்க எழுபத்தேழு வருஷங்கள்!

1882-ம் வருஷத்துச் சீர்திருத்தம் நம் ராமானுஜனையும் தொட்டது என்று நாம் நினைப்பதுண்டு. 1914 ஏப்ரலில் அவர் சீமைக்குப் போய் இறங்கியபோது, அவரைத் தம் இல்லத்தில் வைத்து உபசரித்தவர் டிரினிடி கலாசாலைப் பெல்லோவான நெவில். அவர் மனைவியோடு செஸ்டர்டன் ரோட்டில் குடியிருந்தார். பழைய விதி நீடித்திருந்தால் அவர் பெல்லோவாகவும் இருந்து, இல்லறத்தானாகவும் இருந்து, விருந்தினரை வரவேற்றிருக்க முடியாது. சில வாரங்களுக்குப் பின் ராமானுஜனுக்கு டிரினிடியைச் சேர்ந்த ஹ்யூவெல் முற்றத்தில் அறை கிடைத்தது. அங்கே அவர் தம் கையாலேயே சைவ உணவு சமைத்து உண்டார்.

அந்நாளைய சம்பவம் ஒன்றைப் புள்ளியியல் நிபுணர் மஹலனோபிஸ் நினைவு கூர்ந்திருக்கிறார். இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்ல, அவர் சென்று பார்த்தாராம். மெத்தையின் மேல் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், ராமானுஜன் அவற்றின் மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திப் படுத்து வந்தார்! அறை கொடுத்தார்கள், கம்பளியும் கொடுத்தார்கள், அதில் எப்படிப் படுப்பது என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைவி ஜானகி அம்மாளோ கடலுக்கு இப்பால் இருந்தார்.

இனி, இருக்கும் அறைகளை மாணாக்கருக்குள் எப்படிப் பங்கிடுவது? நதியைப் பார்த்த விசாலமான அறையும் இருக்கும். நாலாவது மாடியில் கூரை தலையில் இடிக்கும் பொந்தும் இருக்கும். முதல் வருஷத்தாருக்கு அதிகாரிகளே ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு பல கலாசாலைகளில் திருவுளச்சீட்டுத்தான். சீட்டில் முதலில் வந்தவன் முதலில் தேர்ந்துகொள்வான். பெரும்பாலும் அடுத்த வருஷம் அதே வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். இன்று கடைசியில் நின்றவன் அப்போது முதல்வன். உடற்குறை உள்ளவருக்கும் நோயாளிகளுக்கும் தக்க அறையைச் சீட்டுக்கு முன்பே எடுத்து வைப்பது வழக்கம். வேறு சில கலாசாலைகளில், பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கே முன்னுரிமை.

மார்க்குப் போட்டே வயிறு வளர்க்கும் நாம் இந்தப் பின்சொன்ன முறையை ஆதரிப்போம் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். நாம் ஆதரிக்கவில்லை. காரணம் கேம்பிரிட்ஜில் இல்லை. நம் கண்ணெதிரே நடந்தது. நம்மிடம் படித்த ஒரு கூலிக்காரர் மகன் நம் நாட்டிலேயே ஒரு நகரத்துக் கலாசாலையில் சேர்ந்தான். அங்கே விடுதி அறைகள் மார்க்கு வரிசைப்படி. இவனுக்குச் சில மார்க்குகள் குறைவு, இடமில்லை என்றார்கள். நகரத்துக்கு வெளியே உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கி, தினம் இரண்டு பஸ் மாறி வந்தான். ராத்திரி எட்டு மணிக்கு வீடு சேர்கிறவன் எப்போது படிப்பான்? வருஷ முடிவில் மார்க்கு இன்னும் குறைந்தது; ஆகவே மறு வருஷமும் அறை இல்லை. மூன்றாம் வருஷம் அவன் கலாசாலையிலேயே இல்லை. எந்த அதிகாரியும் விதியை மீறவில்லை. விதிப்படியே எல்லாம் நடந்தது.

திருவுளச்சீட்டாக இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சீட்டுப் போட்டிருந்தால் இன்னும் நலம்.

கேம்பிரிட்ஜ் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. பருவம் முடிந்ததும் பல கலாசாலைகளில் பட்டப் படிப்பு மாணாக்கர் அறையைக் காலி செய்ய வேண்டும். அறைகளை மகாநாடுகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். லண்டன் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். கடல் கடந்து வந்தவன், விடுமுறையிலும் இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும்.

டாக்டர் பட்டம் பெற்று, இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் உழைக்கும் ஆராய்ச்சியாளர் நிலை வேறு. அவர்களில் பலர் எந்தக் கலாசாலையையும் சேர்ந்தவரல்லர். சீட்டு வரிசையில் அவர்கள் பெயர் இராது. மனைவி, குழந்தையோடு ஊர் வாடகைக்கு ஈடுகொடுக்க வேண்டும். இவர்களை உத்தேசித்து, சர்வகலாசாலை ஊரின் வடமேற்கில் எடிங்டன் என்ற புதுக் குடியிருப்பை எழுப்பத் தொடங்கியது. மூவாயிரம் வீடுகளில் சரிபாதியைத் தன் ஊழியருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் ஒதுக்குவது என்றும், அவற்றைத் தவிர மேற்படிப்பு மாணாக்கர் இரண்டாயிரம் பேருக்கு அறைகள் கட்டுவது என்றும் திட்டம். 2017-ல் முதல் குடிகள் வந்தனர். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2015-ல், அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். உபாத்தியாயராகிய நமக்கு அந்த வரிசை மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போதெல்லாம் திண்ணைக்கு வரும் தகப்பனார்களிடம் நாம் ஒரு கடிதம் எழுதச் சொல்கிறோம். அறை கொடுப்பது மார்க்கைப் பார்த்தா, தூரத்தைப் பார்த்தா, சீட்டுப் போட்டா? ஒரு வருஷத்துக்கா, படிப்பு முடியும் வரைக்குமா? லீவு நாட்களில் காலி செய்ய வேண்டுமா? இவ்வளவையும் கேட்டு, பணம் கட்டுமுன் பதில் வாங்கிக்கொள்ளும்படி சொல்கிறோம். போன வருஷம் ஒருவர் அப்படியே எழுதிக் கேட்டார். ஒரு மாதம் கழித்து வந்த பதிலில், விடுதி விதிகளின் பிரதியை இணைத்திருந்தார்கள். அவர் அதை நம்மிடம் கொண்டுவந்து கொடுத்து, "நீங்களே படித்துச் சொல்லுங்கள் ஸார்" என்றார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து முதல் விதியிலிருந்து படிக்கத் தொடங்கினோம்.