இடி இடிக்கும் முன்பே மோட்டார் இணைப்பைத் துண்டியுங்கள்

சித்திரை, வைகாசி கோடை மழையிலும், புரட்டாசி, ஐப்பசி மழையிலும் கோவை மாவட்டத்தில் இடி, மின்னல் அதிகம். சரவணம்பட்டி, கீரணத்தம், கோவில்பாளையம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருடன் ஆட்டோ ஸ்டார்ட்டரும், செல்போனில் இயக்கும் கருவியும் இப்போது பொருத்தப்படுகின்றன. இவற்றுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகள் மின்னலைத் தாங்குவதில்லை.

மின்னல் உண்டாகும் விதம்

உலர்ந்த தலைமுடியை வாரிய சீப்பில் காகிதத் துண்டுகள் ஒட்டிக்கொள்வது நிலைமின்சாரத்தால். மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போதும் இவ்வாறே மின்சாரம் பெருமளவில் சேர்ந்து மின்னலாகப் பாய்கிறது. 5 குதிரைத் திறன் மோட்டார் எடுப்பது சுமார் 10 ஆம்பியர். ஒரு மின்னலில் பாய்வதோ சுமார் 30,000 ஆம்பியர்.

மோட்டார் எரிவது ஏன்?

மின்னல் மோட்டார் அறையின் மீதே விழ வேண்டியதில்லை. சற்றுத் தொலைவில் மின்கம்பியின் மீதோ, அதன் அருகிலோ விழுந்தாலும், மிகையான மின்னழுத்தம் லைன் வழியே வந்துவிடும். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரில் இருப்பதால் மின்சாரம் பூமிக்குள் இறங்க அது நல்ல வழியாகிறது. அப்போது காயில் எரிந்துபோகும்.

பாதுகாப்பு முறைகள்

1. மேகம் கருக்கத் தொடங்கியதுமே மெயின் சுவிட்சை அணைத்து, பீஸ் கட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். வீட்டில் டி.வி. பிளக்கையும் டிஷ் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தினால் போதாது.

2. சர்ஜ் அரெஸ்டர் பொருத்துவோர், அதன் எர்த் கம்பியைக் கிணற்றின் இரும்புக் குழாயோடும் மோட்டாரோடும் இணைத்து, நீர் மட்டம் வரை தொடர்பு இருக்கும்படி லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஒரு கம்பியை மட்டும் அடித்து வைப்பதால் மோட்டாருக்குப் பயன் குறைவு. பிளாஸ்டிக் குழாய் இறக்கிய கிணறுகளில் மோட்டார் வரை தனி எர்த் கம்பி தேவை.

3. போர்டை மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்து, ஓரங்களைப் பிடித்தே எடுக்க வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரம்கூட அதிலுள்ள சில்லுகளைக் கெடுத்துவிடும்.

உயிரே முதன்மை

இடி கேட்கத் தொடங்கிய பின் மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்கு ஓடக்கூடாது. ஸ்டார்ட்டர் போனால் வேறு வாங்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தோர் 2,887 பேர்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் வீட்டுக்குள் சென்றுவிட வேண்டும். தென்னை, பனை மரத்தடியிலும், கம்பி வேலி, பந்தல் கம்பி அருகிலும் நிற்கலாகாது. கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செல்போன் செயலி, அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கிறது.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை, தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையெனில் நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.