குட்டிக் கள்ளிக்கு எதிரி யார்?

மார்கழி பிறந்தால் நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். தொட்டியில் முளைத்திருக்கும் குட்டிக் கள்ளிச் செடிக்குக் குளிராதா?

கவலை வேண்டாம். ரிஷிவந்தியம் போன்ற சமவெளி ஊர்களில் கள்ளியைக் கொல்லும் அளவுக்குக் குளிர் அடிப்பதில்லை. அதன் உண்மையான எதிரி தண்ணீர்தான்!

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30ல் பெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்து, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கொட்டிய மழை நினைவிருக்கிறதா? மழை விட்டதும் பனி. தொட்டி மண் காயவே நாளாகும். ஈர மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சை பெருகும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடி அழுகிச் சாய்ந்துவிடும்.

கள்ளி ரொம்பச் சிக்கனமான செடி. பகலில் இலைத்துளைகள் போன்ற தன் தண்டுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். அதனால் தண்ணீர் வீணாகாது. வெயில் குறைந்த மாதங்களில் வளர்ச்சியும் குறையும்; தாகமும் குறையும்.

எது கள்ளி?

வேலியில் நிற்கும் திருகுகள்ளியை உடைத்தால் பால் வரும். பெயர்தான் கள்ளி, அது காக்டஸ் குடும்பம் இல்லை. (அந்தப் பால் கண்ணில் படக் கூடாது, ஜாக்கிரதை!) அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக் கள்ளிதான் அசல் காக்டஸ். டிராகன் பழச் செடியும் அதே குடும்பம். அந்தப் பழத்தின் கறுப்பு விதைகளைக் கழுவி விதைத்தால், நீங்களும் நாற்று வளர்க்கலாம்.

எப்படிக் காப்பது?

* தொட்டியை மழைச் சாரல் படாத திண்ணையில், காலை வெயில் விழும் இடத்தில் வையுங்கள்.

* தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். மண்ணோடு ஆற்று மணலும், பொடித்த செங்கல்லும் கலந்தால் தண்ணீர் தேங்காது.

* மேல்மண் காய்ந்த பிறகு, வெயில் உள்ள காலையில் மட்டும் தண்ணீர். தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் தொட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் போதும்.

* அடியோடு நிறுத்திவிடாதீர்கள். சின்ன நாற்றின் உடம்பில் சேமிப்பும் சின்னதுதான்.

* ஒரு நாற்று அழுகினால், சுற்றியுள்ள மண்ணோடு உடனே அகற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நாற்றுக்கும் பரவும்.

* வெளிறி, ஒல்லியாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை. சிவந்தால் வெயில் அதிகம்.

* வேறு தொட்டிக்கு மாற்றும் வேலையைத் தை, மாசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஒரு நாற்றுக்கு இவ்வளவு பாடா என்கிறீர்களா? உலகிலுள்ள காக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அழகுக்காகக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதும் அதற்கு முக்கியக் காரணம். விதையிலிருந்து வளர்த்தால் காட்டுச் செடி பிழைக்கும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் சகுவாரோ என்ற கள்ளி 40 அடிக்கு மேலும் வளரும். ஆனால், முதல் 8 ஆண்டுகளில் அதன் உயரம் ஒன்றரை அங்குலம்தான் இருக்கும்! அந்த வயதில் வேறொரு மரத்தின் நிழலில் ஒதுங்கித்தான் பிழைக்கும். அந்த மரத்தைச் 'செவிலி மரம்' எனலாம்.

உங்கள் வீட்டுத் திண்ணையில், குட்டிக் கள்ளிக்குச் செவிலி நீங்கள்தான் குட்டீஸ்!