மீன்தொட்டி கசிந்தால்…

கூடத்தில் பல்லாண்டாக நிற்கும் கண்ணாடி மீன்தொட்டியின் அடியில் ஒருநாள் ஈரம் தோன்றுகின்றது. துடைத்தாலும் மீண்டும் ஊறுகின்றது. இதனைச் சிறிதென்று வாளாவிருத்தல் தகாது. 60 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் உள்ள தொட்டி 54 லீற்றர் நீர் கொள்ளும். அந்நீரின் நிறையோ 54 கிலோகிராம்!

முதலில் மீன்களைக் காத்தல் வேண்டும். தொட்டி நீரையே தூய வாளியில் நிரப்பி, அவற்றை அதில் விட்டுக் காற்றூட்டுக. வடிகட்டியின் பஞ்சையும் அதிலேயே இடுக. கழிவின் நஞ்சை முறிக்கும் பற்றீரியாக்கள் அப்பஞ்சில் வாழ்கின்றன. நாள்தோறும் சிறிது நீரை மாற்றுக.

வெளிப்புறம் பசை பூசுதல் வீண். உள்ளிருந்து தள்ளும் நீர் அதனைப் பெயர்த்துவிடும். உலர்ந்த பழைய சிலிக்கோனின்மேல் புதியது நன்கு ஒட்டாது. ஆகவே, உள்மூலைகளிலுள்ள பழம்பசை முழுவதையும் சவர அலகினாற் சுரண்டி, ஸ்பிரிட்டினால் துடைத்து, உலரவிட்டு, பூஞ்சணங்கொல்லி கலவாத சிலிக்கோனைப் பூசவேண்டும். வினாகிரி மணம் அறவே நீங்கும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், பொறுத்திருத்தல் நன்று. பின்னர் முற்றத்துச் சமதரையில் நீர் நிரப்பி, கீழே காகிதம் விரித்து, ஒருநாள் சோதிக்க.

கண்ணாடிகளை இணைக்கும் இடைப்பசையே பிளந்திருந்தால் இப்பூச்சுப் போதாது. தொட்டியின் வலிமை அப்பசையிலேயே உள்ளது. முற்றாகப் பிரித்து ஒட்ட இயலாதவிடத்து, அதில் செடி வளர்ப்போம். மீன்களுக்குப் புதுத்தொட்டி தேடுவோம். பழம்பொருள்மீதுள்ள பற்று உயிர்களுக்கு ஊறாகலாமா?