ஒரு படி ஏறினால் போதும்
வீட்டில் வேறு பாஷை பேசி வளர்ந்து, பள்ளியில் ஆங்கிலம் பயிலும் குழந்தைகளுக்குத் தக்க உதவியளியாதிருப்பது சட்டவிரோதமென்று, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துச் சீன மாணவர்களின் வழக்கில் 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய குழந்தைகளுடைய ஆங்கில அபிவிருத்தியை அளந்து காட்டுவதை 2015-ஆம் வருஷத்துச் சட்டம் மாநிலங்களுக்குக் கட்டாயமாக்கிற்று. கலிபோர்னியாவில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் வருஷந்தோறும் பரீட்சை நடத்தி, சென்ற ஆண்டைவிட ஒரு படியாவது ஏறினவர்களும் உச்சப்படியில் நிலைத்தவர்களும் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு, அதையே பள்ளி மாவட்டத்தின் முன்னேற்றமாகக் கொள்கிறார்கள். அந்தப் பரீட்சையின் நான்கு படிகளில் நடுவிலுள்ள இரண்டையும் மேல், கீழ் என்று பகுத்திருப்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது; ஏனெனில், தோழியரோடு சரளமாகப் பேசும் சிறுமி, விஞ்ஞானப் பாடத்து நீண்ட வாக்கியத்தில் தடுமாறி ஒரே படியில் நெடுநாள் நிற்கையில், அவளுடைய சிறு வளர்ச்சியும் ஆசிரியர் கண்ணில் பட வேண்டுமல்லவா?