விதைகளும் கால்நடைகளும்: உழவர் காத்த செல்வம்

நுழையும்முன்

ஒரு நெல்மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது வெறும் தானியமன்று. பல தலைமுறை உழவர்கள் தேர்ந்தெடுத்து, உலர்த்தி, காத்து, மீண்டும் மண்ணில் இட்ட அறிவின் தொகுப்பு. காங்கேயம் காளையும் வேம்பூர் ஆடும் அவ்வாறே உருவானவை. இந்தச் செல்வம் ஏன் குறைகிறது? அதனை எவ்வாறு காப்பது? காப்பவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வேறுபாடே வலிமை

தமிழகத்தின் நிலம் ஒரே தன்மையதன்று. காவிரிப் படுகையில் வெள்ளம் தேங்கும். கடலோரத்தில் உவர் ஏறும். இராமநாதபுரத்தில் மழை பொய்க்கும். நிலம் வேறுபட்டதனால் விதையும் வேறுபட்டது. ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து வெள்ளத்தைத் தாங்குவது காட்டுயானம். உவர் நிலத்திலும் விளைவது குழியடிச்சான். குறுகிய காலத்தில் அறுவடைக்கு வருவது பூங்கார். விருந்துக்கு மணம் சேர்ப்பது சீரகச் சம்பா.

கால்நடைகளிலும் இதே பொருத்தத்தைக் காணலாம். சேறு நிறைந்த நன்செய் உழவுக்கு உம்பளாச்சேரி மாடு. மலைச்சரிவில் மேய்வதற்குப் பர்கூர் மாடு. பெரும் மந்தையாக ஓட்டிச் சென்று வயல்களில் கிடை போடுவதற்குப் புலிக்குளம் மாடு. புன்செய் உழவுக்கும் வண்டிக்கும் காங்கேயம், ஆலம்பாடி மாடுகள் என நிலத்திற்கும் தொழிலுக்கும் ஏற்ப இனங்கள் உருவாயின. ஒரு பயிரிலோ கால்நடையிலோ காணப்படும் இத்தகைய மரபுவழி வேறுபாடுகளின் தொகுதியே மரபியல் பன்மை எனப்படுகிறது.

ஒற்றை வகையின் ஆபத்து

அயர்லாந்து மக்கள் 19ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். அதிலும் ‘லம்பர்’ என்னும் ஒரு வகையே பரவலாகப் பயிரிடப்பட்டது. 1845ஆம் ஆண்டில் கருகல் நோய் பரவியபோது அதனை எதிர்க்கும் ஆற்றல் அவ்வகைக்கு இல்லை. ஒரு செடியை வீழ்த்திய நோய் எல்லாச் செடிகளையும் வீழ்த்தியது. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவிலானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். நோயோடு அன்றைய ஆட்சிமுறையின் குறைகளும் இத்துயரைப் பெருக்கின. எனினும், ஒற்றை வகையை நம்புவதன் ஆபத்தை உலகிற்கு உணர்த்திய நிகழ்வு இது.

பன்மை இருந்தால் மீள வழியுண்டு. 1970களில் ஆசிய நெல்வயல்களைப் புல்குட்டை நச்சுயிரி நோய் தாக்கியது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை ஆராய்ந்தது. உத்தரப்பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ‘ஒரைசா நிவாரா’ என்னும் காட்டு நெல்லின் ஒரு மாதிரியில்தான் வலுவான எதிர்ப்பாற்றல் கிடைத்தது. பயனற்றதெனக் கருதத்தக்க அந்தக் காட்டுப்புல், ஆசியாவின் நெல் வயல்களுக்கு அரணாயிற்று.

தெரியுமா?

ஒடிசா உழவர்கள் பயிரிட்டுவந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வகை எஃப்.ஆர்.13ஏ. நீரில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும் பிழைக்கும் பண்பு அதற்கு உண்டு. அப்பண்பினைப் பெற்ற ‘சுவர்ணா சப்-1’ என்னும் நெல் 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

ஏன் குறைந்தது?

நாட்டு வகைகள் குறைந்தமைக்கு உழவரைக் குறை கூறுதல் முறையாகாது. 1960களில் நாடு உணவுப் பற்றாக்குறையில் தவித்தது. 1966இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகள் உரத்தை ஏற்றுச் சாயாமல் நின்று மிகுந்த விளைச்சல் தந்தன. பசித்த நாட்டிற்கு அவை சோறிட்டன என்பதை மறுக்க இயலாது.

ஆயினும், அம்மாற்றம் நெல்லோடு நின்றுவிடவில்லை. நெட்டை நெல் தந்த நீண்ட வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாயிற்று. மாட்டின் சாணம் வயலுக்கு எருவாயிற்று. நெல் குட்டையானபோது வைக்கோல் குறைந்தது. டிராக்டர் வந்தபோது உழவு மாட்டின் தேவை குறைந்தது. மாடு குறைந்தபோது எருவும் குறைந்தது. பயிரும் கால்நடையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தால் மற்றொன்றும் தளர்கிறது.

பெட்டகமும் வயலும்

மரபுச் செல்வத்தைக் காப்பதற்கு இரு வழிகள் உள்ளன. வாழிடத்திற்கு வெளியே, குளிரூட்டப்பட்ட விதை வங்கிகளில் காப்பது ஒன்று. புதுதில்லியிலுள்ள தேசியத் தாவர மரபியல் வளங்கள் பணியகமும், நார்வே நாட்டின் சுவால்பார்டில் 2008இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகமும் இப்பணியைச் செய்கின்றன. கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் பணியைக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளங்கள் பணியகம் மேற்கொள்கிறது.

வாழிடத்திலேயே, உழவரின் வயலிலும் தொழுவத்திலும் காப்பது மற்றொன்று. பெட்டகத்தில் உறங்கும் விதைக்கு உயிர் இருக்கும், வளர்ச்சி இராது. வயலில் வாழும் விதையோ மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் ஏற்ப ஆண்டுதோறும் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. அதனை எப்போது விதைப்பது, எவ்வாறு சமைப்பது என்னும் அறிவும் உடன் வாழ்கிறது. ஆகவே, இரு வழிகளும் ஒன்றுக்கொன்று துணையாதல் வேண்டும்.

கொல்லிமலை கற்பித்த பாடம்

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் வாழும் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களின் பல வகைகளைக் காத்துவந்தனர். பிற்காலத்தில் மரவள்ளி அந்நிலங்களைக் கைக்கொண்டது. அதற்கு மரவள்ளிக்குக் கிடைத்த பணவரவு ஒரு காரணம். மற்றொரு காரணம் வெளியார் கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. சாமையை உரலில் இட்டு உமி நீக்கும் கடும் உழைப்பு முழுவதும் பெண்களின் தோள்மீதே விழுந்தது. அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு பன்மையைக் காக்குமாறு அவர்களை வற்புறுத்துவது அறமாகுமா?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களோடு இணைந்து இச்சிக்கலை அணுகியது. உமி நீக்கும் இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. சமுதாய விதை வங்கிகள் தோன்றின. மகளிர் குழுக்கள் சிறுதானியங்களை மாவாகவும் பிற உணவுப் பொருள்களாகவும் மாற்றி விற்றன. உழைப்பு குறைந்து வருவாய் கூடியபோது, பயிரைத் தொடர்வதற்குக் காரணமும் கிடைத்தது. பயன்படுத்துவதே நிலைத்த பாதுகாப்பு என்பதும், காப்பவரின் வாழ்வு உயராமல் எதனையும் காக்க இயலாது என்பதும் கொல்லிமலை கற்பித்த பாடங்கள்.

ஒன்று இரண்டாகும் விதை

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006இல் நெல் திருவிழா தொடங்கியது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்ற நெல் ஜெயராமன் இதனை முன்னின்று நடத்தினார். இங்கு விதைக்கு விலை இல்லை, கடமை உண்டு. இரண்டு கிலோ விதை பெறும் உழவர், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்விதை வேறு உழவரைச் சென்றடையும். இவ்வாறு 150க்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகள் மீண்டும் வயலேறின. 2018இல் ஜெயராமன் மறைந்தார். அவர் பரப்பிய விதைகள் இன்றும் முளைக்கின்றன.

மேய்ச்சல் நிலம் காத்தால் இனம் காக்கப்படும்

கொங்கு நாட்டின் வறண்ட புன்செய்களில் ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. கிளுவை வேலி சூழ்ந்த அந்நிலத்தில் கொழுக்கட்டைப்புல் தரையை மூட, வெள்வேல மரம் நிழலும் நெற்றும் தரும். உழவர்கள் நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல் மீண்டும் தழைக்கிறது. காங்கேயம் மாட்டைக் காப்பதென்பது காளையை மட்டும் காப்பதன்று. இந்தக் கொறங்காட்டையும் காப்பதாகும். மேய்ச்சல் நிலம் மனையாகுமாயின் மாடு எங்கே போகும்?

உழவர் உரிமை

விதையைக் காத்தவருக்கு அதன்மீது உரிமையும் வேண்டும். இந்தியாவின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும், பரிமாறவும், வணிக முத்திரையின்றி விற்கவும் உழவருக்குள்ள உரிமையை இச்சட்டம் உறுதி செய்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், உள்ளூர் மக்களின் உயிர்வளத்தைப் பதிவேட்டில் ஆவணப்படுத்தவும், அதனால் விளையும் பயனில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவும் வழிசெய்கிறது.

ஆயினும், சட்டம் மட்டும் விதையை முளைக்க வைப்பதில்லை. உண்பவர் கேட்டால்தான் உழவர் விளைவிப்பார். நம் தட்டில் சாமையும் தினையும் நாட்டு நெல்லும் இடம்பெறும்போது, எங்கோ ஒரு வயலில் ஒரு வகை பிழைக்கிறது. விதை நெல்லை உண்டுவிடாத உழவரின் பொறுமையால் நாம் இன்று உண்கிறோம். அடுத்த தலைமுறைக்கான விதை நெல் இப்போது நம் கையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் முதியவர்களிடம் உரையாடி, முன்பு பயிரிடப்பட்ட பயிர் வகைகளையும் வளர்க்கப்பட்ட கால்நடை இனங்களையும் பட்டியலிடுக. அவற்றுள் மறைந்தவை எவை? ஏன்?

2. ‘பயன்படுத்துவதே பாதுகாப்பு’ என்னும் கருத்தைக் கொல்லிமலை நிகழ்வின் துணையுடன் வகுப்பில் கலந்துரையாடுக.