உள நெருக்கீடும் உளநலமும்: ஆய்வும் சமூகத் தலையீடும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உளநலம் பற்றி வினா வந்தால், பெரும்பாலான விடைகள் ஒரே வசனத்துடன் முடிகின்றன: "பாதிக்கப்பட்டோருக்கு உளவளத்துணை வழங்க வேண்டும்." இவ்வசனம் பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே. வழங்கிய உதவி பயன் தந்ததா, யாருக்குப் பயன் தந்தது, அதனை எவ்வாறு அறிந்தோம் என்பன மீதிப் பாதியாகும். அந்த மீதிப் பாதியை மூன்று ஆய்வுகளின் துணையுடன் இங்கு நோக்குவோம்.

1. உள நெருக்கீடு என்றால் என்ன?

ஒருவர் எதிர்கொள்ளும் சுமை, அதனைச் சமாளிக்க அவரிடமுள்ள வலுவை மீறும்போது உடலிலும் உள்ளத்திலும் ஏற்படும் நிலையே உள நெருக்கீடு ஆகும். கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்னும் விஞ்ஞானி 1936 ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டது. குளிர், காயம், மிகையான உடலுழைப்பு என வெவ்வேறு தாக்கங்களுக்கு உட்பட்டபோதும் எலிகளின் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகவே துலங்கியது. அத்துலங்கலை அவர் மூன்று நிலைகளாக வகுத்தார்.

(அ) எச்சரிக்கை நிலை: உடல் ஆபத்தை உணர்ந்து தயாராகின்றது. இதயத்துடிப்பு அதிகரிக்கின்றது.
(ஆ) எதிர்ப்பு நிலை: சுமை தொடர்கின்றது, உடலும் தாக்குப்பிடிக்கின்றது.
(இ) களைப்பு நிலை: சுமை நீண்ட காலம் நீடிப்பதால் வலு குன்றி, நோய் ஏற்பட இடமுண்டாகின்றது.

பரீட்சைக்கு முதல் நாள் ஏற்படும் படபடப்பு எச்சரிக்கை நிலைக்கு உதாரணமாகும். அது நோயன்று. பல வாரங்களாகத் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை ஆகியன தொடர்ந்தால் கவலைப்பட வேண்டும். "சிறிதளவு நெருக்கீடு செயலாற்றத் தூண்டும், நீடித்த நெருக்கீடு தீங்கு தரும்" என்பதை நினைவில் வைத்திருங்கள்.

2. ஆய்வாளர் உளநலத்தை எவ்வாறு அளக்கின்றனர்?

காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம். மனத்துயரை அளக்க அவ்வாறான கருவி இல்லை. ஆகவே ஆய்வாளர் வினாக்கொத்தையும் நேர்காணலையும் பயன்படுத்துகின்றனர். அளவீட்டு ஆய்வு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம்.

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்த 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2008 ஆம் ஆண்டில் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் மாணவர்களை நேர்கண்டனர். போர் தொடர்பான நிகழ்வு ஒன்றையேனும் அனுபவித்தோர் 82.4 சதவீதத்தினர். குடும்ப வன்முறை சார்ந்த கசப்பான அனுபவம் ஒன்றையேனும் கூறியோர் 95.6 சதவீதத்தினர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 30.4 சதவீதத்தினரிடமும், கடும் மனச்சோர்வு நோய் 19.6 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன.

இதிலிருந்து இரு விடயங்களை அறியலாம். முதலாவது, போரும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியும் மாத்திரம் பிள்ளைகளைப் பாதிக்கவில்லை; வீட்டினுள் நிகழும் அடியும் ஏச்சும் கூடப் பாதித்தன. வெளியே நடந்ததை மட்டும் கேட்டிருந்தால் இவ்வுண்மை மறைந்திருக்கும். இரண்டாவது, இது 296 பேரின் முடிவு. இதனை நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்தி எழுதக் கூடாது.

3. ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை?

அளவீட்டு ஆய்வு பிரச்சினையின் அளவைக் காட்டும். தலையீடு பயன் தந்ததா என்பதைக் காட்ட அது போதாது.

ஒரு பாடசாலையில் தவணைப் பரீட்சைக்கு முன்னர் மாணவர்களின் பதகளிப்பை அளந்து, ஐந்து வாரம் யோகாசனப் பயிற்சி அளித்து, பரீட்சை முடிந்த பின் மீண்டும் அளப்பதாகக் கொள்வோம். பதகளிப்பு குறைந்திருக்கும். அதற்குக் காரணம் பயிற்சியா, பரீட்சை முடிந்தமையா? இம்முறையால் விடை கூற முடியாது. பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் அதே காலத்தில் அளந்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். பயிற்சி பெறாத அக்குழுவே ஒப்பீட்டுக் குழு அல்லது கட்டுப்பாட்டுக் குழு எனப்படும்.

யார் எக்குழுவில் சேர்வர் என்பதை ஆய்வாளர் விருப்பப்படி தீர்மானிக்கக் கூடாது. திருவுளச்சீட்டுப் போல எழுமாற்றாகத் தெரிவு செய்ய வேண்டும். இல்லையெனில் ஏற்கெனவே உற்சாகமாக உள்ளவர்களே பயிற்சிக் குழுவில் நிறைந்துவிடலாம்.

4. சமூகத் தலையீடு ஒன்று: சிம்பாப்வேயின் நட்பு வாங்கு

ஆபிரிக்க நாடான சிம்பாப்வேயில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பத்துப் பன்னிரண்டு உளமருத்துவர்களே இருந்தனர். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபண்டா, தமது நோயாளி ஒருவரை இழந்தார். மருத்துவமனைக்கு வர அந்த நோயாளியிடம் பஸ் கட்டணத்திற்குப் பணமிருக்கவில்லை. நோயாளி மருத்துவரிடம் வர முடியாவிட்டால் உதவி நோயாளியிடம் செல்ல வேண்டும் என்று அவர் கருதினார். 2006 ஆம் ஆண்டில், தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருடன் பணி தொடங்கியது. சிகிச்சை நிலைய வளவில் போடப்பட்ட மர வாங்கே ஆலோசனை இடமாகும். "உளநல வாங்கு" என்ற பெயருக்கு மக்கள் தயங்கியதால், பாட்டிமாரின் ஆலோசனைப்படி அது "நட்பு வாங்கு" ஆனது.

அந்நாட்டின் ஷோனா மொழி பேசுவோர் மனத்துயரை "அளவுக்கு மிஞ்சி யோசித்தல்" என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிடுவர். நம்மவர் "ஒரே யோசனையாய்க் கிடக்கு" என்று சொல்வதும் இதுவே. "மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பவர், "யோசனை கூடவா?" என்று கேட்டால் மனந்திறப்பார். ஆகவே வினாக்கொத்தும் மக்களின் சொற்களிலேயே 14 வினாக்களுடன் அமைந்தது.

பாட்டிமார் பின்பற்றிய முறை எளிதானது. வந்தவர் தம் பிரச்சினைகளைச் சொல்ல விட்டனர். அவற்றுள் ஒன்றை அவரே தெரிவு செய்யச் செய்தனர். அதற்கு அவரால் இயன்ற ஒரு படியைத் தீர்மானிக்க உதவினர். அடுத்த சந்திப்பில் என்ன நடந்தது என்று விசாரித்தனர். இவ்வாறு ஆறு சந்திப்புகள் நடைபெற்றன.

இது பயன் தந்ததா? 24 சிகிச்சை நிலையங்கள் எழுமாற்றாக இரு பிரிவுகளாக்கப்பட்டன. 573 பேர் பங்குபற்றினர். ஒரு பிரிவுக்கு நட்பு வாங்கும், மற்றையதற்கு மேம்படுத்தப்பட்ட வழமையான சேவையும் கிடைத்தன. ஆறு மாதங்களின் பின் மனச்சோர்வு அறிகுறி உடையோர் நட்பு வாங்குப் பிரிவில் 13.7 சதவீதமாகவும், ஒப்பீட்டுப் பிரிவில் 49.9 சதவீதமாகவும் காணப்பட்டனர். இம்முடிவுகள் 2016 இல் வெளியாகின. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால், மருத்துவர் அல்லாதவரும் பயனுள்ள உதவி வழங்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

5. சமூகத் தலையீடு இரண்டு: இலங்கையின் வடபகுதிப் பாடசாலைகள்

மருத்துவர் அல்லாதோரைப் பயிற்றுவிப்பது நமக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களுக்கும் கிராம மட்டப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி அளித்தனர்.

போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பாடசாலைத் திட்டம் ஒன்றின் ஆய்வு முடிவுகள் 2012 இல் வெளியாகின. 9 முதல் 12 வயதுவரையான 399 பிள்ளைகள் அதில் அடங்கினர். எழுமாற்றாகத் தெரிவான பாடசாலைகளில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஐந்து வாரங்களில் 15 அமர்வுகளை நடத்தினர். ஏனைய பாடசாலைகளின் பிள்ளைகள் காத்திருப்போர் பட்டியலில் இருந்து ஒப்பீட்டுக் குழுவாயினர்.

முடிவு கலப்பானது. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய முதன்மை அளவீடுகளில் மொத்தமாக நோக்கும்போது இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. மனவடு, பதகளிப்பு அறிகுறிகளில் ஆண் பிள்ளைகள் கூடுதலாக நன்மையடைந்தனர். அன்றாடம் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளும் அவ்வாறே கூடிய நன்மை பெற்றனர். பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளோ, திட்டத்தில் சேராத பெண் பிள்ளைகளிலும் பார்க்கக் குறைந்த அளவிலேயே தணிந்தன.

ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் "பிள்ளைகள் குணமடைந்தனர், திட்டம் வெற்றி" என்று எழுதி முடித்திருப்பர். பெண் பிள்ளைகளின் நிலை யாருக்கும் தெரிய வந்திராது. நல்லெண்ணத்துடன் செய்யும் உதவியையும் அளந்து பார்க்க வேண்டியதற்கு இதுவே காரணம். இன்னொன்றும் இங்கு தெரிகின்றது: வெளியே ஆபத்து தொடரும்போது வகுப்பறை அமர்வுகளால் மட்டும் பயன் கிடைப்பது கடினம். பாதுகாப்பு, உணவு, வீட்டில் அமைதி என்பனவும் உளநலத் தலையீட்டின் பகுதிகளேயாகும்.

6. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

(அ) உள நெருக்கீடு, உளநோய் இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.
(ஆ) தலையீட்டைக் குறிப்பிடும்போது யார் வழங்கினர், யாருக்கு, எவ்வளவு காலம் என்பவற்றையும் எழுதுங்கள்.
(இ) "பயன் தந்தது" என்று எழுதினால் எதனுடன் ஒப்பிட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.
(ஈ) எதிர்பார்த்த பயன் கிடைக்காத ஆய்வும் பயனுள்ள ஆய்வே. அதனைத் தோல்வி என்று ஒதுக்காதீர்கள்.

7. உங்களுக்காக

இப்பாடம் வினாத்தாளுக்கு மட்டும் உரியதன்று. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் இக்காலத்தில் மேலே கூறிய பாட்டிமாரின் முறையை நீங்களும் செய்து பார்க்கலாம். மனதை அழுத்தும் விடயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். "கணிதம் ஓடாது" என்பது பெரிய பிரச்சினை. "இன்று பின்னங்களில் ஐந்து கணக்குச் செய்வேன்" என்பது செய்யக்கூடிய படி. ஒரு வாரத்தின் பின் அதனை மீளப் பாருங்கள்.

துயரம் பல நாட்கள் நீங்காதிருந்தால், அல்லது வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால், தனியே வைத்திருக்க வேண்டாம். பெற்றோர், நம்பிக்கைக்குரிய ஆசிரியர், பாடசாலை உளவளத்துணை ஆசிரியர் ஆகியோரில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துடனும் தொடர்புகொள்ளலாம். நண்பர் ஒருவர் இவ்வாறு சொன்னால் நகைக்காமல் கேளுங்கள். பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. உள நெருக்கீட்டை வரையறுத்து, ஹான்ஸ் செலியே கூறிய மூன்று நிலைகளையும் உதாரணத்துடன் விளக்குக.

2. ஒப்பீட்டுக் குழு, எழுமாற்றுத் தெரிவு என்பவற்றின் அவசியத்தை எடுத்துக்காட்டுக.

3. நட்பு வாங்குத் திட்டத்தில் மக்களின் சொற்களில் வினாக்கொத்து அமைந்தமை ஏன் முக்கியமானது?

4. உமது கிராமத்தில் வெள்ளத்தால் இடம்பெயர்ந்த மாணவர்களுக்கு உளநலத் திட்டம் ஒன்றைத் தயாரிக்குமாறு கேட்கப்பட்டுள்ளீர். திட்டத்தையும் அதன் பயனை அளக்கும் முறையையும் விபரிக்குக.

(குறிப்பு: நான்காம் வினாவில் திட்டத்தை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். தொடக்க அளவீடு, ஒப்பீட்டுக் குழு, இறுதி அளவீடு ஆகிய மூன்றும் விடையில் இடம்பெற வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் இருந்த மாணவர்களுக்கும் பின்னர் அவ்வுதவி கிடைக்க வழி செய்யப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.)